இம்மர்வுல்ஃப்: மூன்று மனா ஓநாயை எந்த டர்னில் அவிழ்த்துவிடுவது?

“அண்ணா, விடிஞ்சிருச்சு.”

என் அத்தை பையன் இதைச் சொல்லும்போது சிரிக்கக்கூட மாட்டான். இரண்டு சின்ன ஸ்பெல்லை அடுத்தடுத்துப் போட்டுவிட்டு, பேசாமல் என் பக்கம் கையைக் காட்டுவான். நான் என் ஓநாய்மனிதர்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். 5/5, 4/4 என்று நின்ற கூட்டம் திரும்பவும் ஊர்க்காரர்களாக, 1/1, 2/2 என்று சுருங்கிவிடும். மேஜிக் த கேதரிங் என்ற அட்டை ஆட்டத்தில் இன்னிஸ்ட்ராட் காலத்து ஓநாய்மனித டெக் (அட்டைக்கட்டு) வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

இதற்கு மருந்து என்று சொல்லப்படும் அட்டை இம்மர்வுல்ஃப். அது நல்ல அட்டையா, நல்ல அட்டை மாதிரி தெரியும் அட்டையா என்பதை வாதம் பண்ணாமல் ஆடியே பார்த்துவிடலாம் என்று சில வார இறுதிகளைச் செலவழித்தேன். அந்தக் கணக்குத்தான் இது.

ஆடாதவர்களுக்காக ஒரு பத்தி. லேண்ட் அட்டைகள் தருவது மனா, அதைச் செலவழித்து மற்ற அட்டைகளைப் போடுவதுதான் ஸ்பெல் போடுவது. 5/5 என்றால் தாக்கும் பலம் ஐந்து, தாங்கும் பலம் ஐந்து. இன்னிஸ்ட்ராட் என்ற அட்டைத் தொகுப்பு 2011 செப்டம்பர் 30 அன்று வெளியானது. மேஜிக்கில் முன்புறம் ஒரு படம், பின்புறம் இன்னொரு படம் என்று இரட்டை முகம் கொண்ட அட்டைகள் முதலில் வந்தது அதில்தான். முன்பக்கம் மனிதன், பின்பக்கம் ஓநாய். ஒரு டர்னில் யாருமே ஸ்பெல் போடாவிட்டால், அடுத்த அப்கீப்பில், அதாவது அடுத்த டர்னின் தொடக்கத்தில், மனிதன் ஓநாயாகப் புரளுவான். யாராவது ஒருவர் ஒரே டர்னில் இரண்டு ஸ்பெல்லோ அதற்கு மேலோ போட்டால், ஓநாய் திரும்ப மனிதனாகும். நாங்கள் முதலாவதை ‘இருட்டுவது’ என்றும் இரண்டாவதை ‘விடிவது’ என்றும் சொல்கிறோம். கதைக்குப் பொருத்தமான விதி. ஊரில் நடமாட்டம் இல்லாவிட்டால் ஓநாய் வெளியே வருகிறது, சந்தடி கேட்டால் ஓடிவிடுகிறது.

இம்மர்வுல்ஃப் வந்தது அடுத்த தொகுப்பான டார்க் அசென்ஷனில், 2012 பிப்ரவரியில். விலை மூன்று மனா: ஒரு சிவப்பு, ஒரு பச்சை, மூன்றாவது எந்த நிறமும். உடம்பு 2/2. இன்டிமிடேட் உண்டு, அதாவது சிவப்போ பச்சையோ கலந்த ஆளோ, ஆர்ட்டிஃபாக்ட் என்ற கருவி வகை ஆளோதான் அதைத் தடுக்க முடியும். என்னுடைய மற்ற ஓநாய்களுக்கும் ஓநாய்மனிதர்களுக்கும் +1/+1. கடைசி வரிதான் விஷயம்: மனிதன் அல்லாத என் ஓநாய்மனிதர்கள் உருமாற முடியாது. இருட்டியபின் அவர்களுக்கு விடியாது. ஜெர்மன் மொழியில் ‘இம்மர்’ என்றால் ‘எப்போதும்’. பேரிலேயே வேலையைச் சொல்லிவிட்டார்கள்.

இது இரட்டை முக அட்டை அல்ல, ஓநாய்மனிதனும் அல்ல, வெறும் ஓநாய். இந்தச் சின்ன வித்தியாசம் பின்னால் என்னைக் கடித்தது.

டெக்கைச் சொல்லிவிடுகிறேன். லேண்ட் 24. யங் வுல்ஃப், மேயர் ஆஃப் அவாப்ரக், காட்ஸ்டாஃப் ஷெப்பர்ட், கிருயின் அவுட்லா, டேபிரேக் ரேஞ்சர், ஹன்ட்மாஸ்டர் ஆஃப் த ஃபெல்ஸ், மூன்மிஸ்ட், இன்சினரேட் எல்லாம் நான்கு நான்கு. மீதி நான்கு இடம் சோதனைக்கு. பாதிக்கு மேல் ப்ராக்ஸிதான். வீட்டுக்குள் ஆடும் ஆட்டத்துக்குக் காசைக் கொட்டி ஹன்ட்மாஸ்டர் வாங்க நான் தயாராக இல்லை. காகிதத்தில் அச்சடித்து, பழைய லேண்ட் அட்டைக்கு முன்னால் வைத்து ஸ்லீவ் என்ற அட்டை உறைக்குள் தள்ளினேன்.

இரட்டை முகம் என்பதால் ஸ்லீவிலேயே முதல் சிக்கல். பின்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் ஸ்லீவ் ஆகாது, எதிராளிக்கு நம் கையில் இருப்பது தெரிந்துவிடும். பின்பக்கம் இருண்ட ஸ்லீவ் போட்டால், புரட்டும்போதெல்லாம் அட்டையை உருவி எடுக்க வேண்டும். முதல் சனிக்கிழமையே மூன்று ஸ்லீவ் வாய் கிழிந்தது. அப்புறம் அசல் தொகுப்போடு வந்த செக்லிஸ்ட் அட்டை முறைக்கு மாறினேன்: டெக்கில் பேர் மட்டும் எழுதிய அட்டை, இரட்டை முக அட்டைகள் தனி டப்பாவில். களத்தில் இறங்கும்போது மட்டும் டப்பாவிலிருந்து எடுத்து வைப்பது. ஸ்பெல் எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை. ஸ்பெல் போட்டால் தன் முன்னால் ஒரு கொட்டை, டர்ன் முடிந்ததும் அதைப் பார்த்துவிட்டு அள்ளிவிடுவது. “நீ ரெண்டு போட்டியா ஒண்ணு போட்டியா” என்ற சண்டை அன்றோடு தீர்ந்தது.

எதிர் டெக்கை அத்தை பையனே தேர்ந்தெடுத்தான். நீலம், வெள்ளை டெல்வர்: புரண்டு பறக்கும் பூச்சியாகிற டெல்வர் என்ற ஆளின் பேரால் அழைக்கப்படும் டெக். 2012-ல் ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையில் எங்கே பார்த்தாலும் இருந்த டெக் இதுதான். ஓநாய்மனிதர்களுக்கு இதைவிட மோசமான எதிரி கிடையாது. பாண்டர் ஒரு மனா, வேப்பர் ஸ்நாக் ஒரு மனா, கிடாக்ஸியன் ப்ரோபுக்கு மனாவே வேண்டாம், இரண்டு உயிர்ப்புள்ளி கொடுத்தால் போதும். ஒரு டர்னில் இரண்டு ஸ்பெல் என்பது அவர்களுக்குப் பல் விளக்குவது மாதிரி. அது மட்டுமா, நான் ஒன்றும் போடாமல் டர்னை விட்டால், என் டர்னிலேயே ஒரு வேப்பர் ஸ்நாக்கைப் போட்டு இருட்டவே விடாமல் செய்துவிடலாம். இருட்டுக்கு ஒரு ஸ்பெல்கூட இல்லாத டர்ன் வேண்டும். அந்த ஸ்பெல் யாருடையது என்பது கணக்கில்லை.

முதல் நாள் சோதனை இடத்தில் நான்கு இம்மர்வுல்ஃப். எட்டு ஆட்டம் ஆடினோம். நான் தோற்றது ஆறு. ஆறிலும் நான் செய்தது ஒரே காரியம்: இரண்டாவது டர்னில் மேயர், மூன்றாவது டர்னில் மூன்று லேண்ட் கிடைத்த கையோடு இம்மர்வுல்ஃப். கையில் மூன்று மனா அட்டை இருக்கிறது, மூன்று மனாவும் இருக்கிறது, போடாமல் இருக்க மனசு வருமா?

தப்பு அங்கேதான். இம்மர்வுல்ஃபும் ஒரு ஸ்பெல். அதைப் போட்ட டர்னில் இருட்டாது. மேயர் மனிதனாகவே நிற்கிறார். இம்மர்வுல்ஃப் தருகிற +1/+1 மனித முகத்துக்கும் கிடைக்கும், ஏனென்றால் அவர்கள் பகலிலும் ஓநாய்மனிதர்கள்தான். ஆகவே 1/1 மேயர் 2/2 ஆகிறார். அவ்வளவுதான் லாபம். பூட்டு கையில் இருக்கிறது, பூட்டிவைக்க உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த டர்ன் நான் எதையும் போடாமல் காத்திருக்க வேண்டும், அதற்குள் அவன் டெல்வர் பறக்க ஆரம்பித்துவிடும்.

ஏழாவது ஆட்டத்தில் மூன்றாவது லேண்டே வரவில்லை. வேறு வழி இல்லாமல் டர்னை விட்டேன். அவனிடமும் அப்போது இன்ஸ்டன்ட் (யார் டர்னிலும் போடக்கூடிய ஸ்பெல்) இல்லை போல. அவன் அப்கீப்பில் மேயர் புரண்டு ஹவுல்பேக் ஆல்ஃபா ஆனார். அவன் தன் டர்னில் ஒரு ஸ்பெல்தான் போட்டான். எனக்கு லேண்ட் வந்தது. இம்மர்வுல்ஃபை இறக்கினேன். ஆல்ஃபா 3/3, இம்மர்வுல்ஃபால் 4/4. ஆல்ஃபாவும் மற்ற ஓநாய்களுக்கு +1/+1 தரும் என்பதால் இம்மர்வுல்ஃப் 3/3. என் டர்ன் முடிவில் ஆல்ஃபா ஒரு ஓநாய் டோக்கனைப் பெற்றுப்போடும். 2/2 என்று பிறக்கும் அது, இரண்டு பேர் ஆசீர்வாதத்தில் களத்துக்கு வரும்போதே 4/4. அடுத்த டர்ன் இன்னொன்று. அவன் பாண்டர், ப்ரோப் என்று வரிசையாகப் போட்டுவிட்டுப் பழக்கத்தில் “அண்ணா, விடி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

லேண்ட் வராததால் ஜெயித்த ஆட்டம் எனக்கு அதுதான் முதல் தடவை. அன்று இரவு நோட்டில் எழுதியது: ‘மூலையில் 3 மனா என்று போட்டிருக்கிறது. நம்பாதே. இது நான்காவது டர்ன் அட்டை.’ மூன்றாவது டர்ன் சும்மா விட வேண்டும். அவனுக்கு வயிறு கலங்க வேண்டும். அப்புறம் பூட்ட வேண்டும்.

சரி, நான்காவது டர்னுக்குள் அது கைக்கு வருமா? அறுபதில் நான்கு இருந்தால், முதலில் ஆடுபவர் அதற்குள் பார்ப்பது பத்து அட்டை. ஒன்றாவது இருக்க வாய்ப்பு 53 சதவீதம். இரண்டாவதாக ஆடினால் பதினொரு அட்டை, 57 சதவீதம். டெக்கில் மூன்றுதான் வைத்தால் இந்த 57 என்பது 46 ஆகக் குறையும். பாதிக்குப் பாதி வராத அட்டையை நம்பி டெக் கட்டக் கூடாது. வந்தால் நல்லது என்ற இடத்தில்தான் வைக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, அந்த நான்கு இடத்தில் வேறு எது இருந்திருக்கலாம் என்பது. அட்டையை எடைபோடுவதில் நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். ‘இது நல்லா இருந்துச்சா?’ என்று கேட்டால் எல்லா அட்டையும் ஒரு நாள் நல்லாத்தான் இருக்கும். ‘இதற்குப் பதில் அது இருந்திருந்தால்?’ என்று கேட்க வேண்டும். போட்டிக்கு நான் எடுத்தது பிரிம்ஸ்டோன் வாலி. அதே மூன்று மனா, இன்ஸ்டன்ட், மூன்று அடி. அந்த டர்னில் ஏதாவது ஒரு ஆள் செத்திருந்தால் ஐந்து அடி. எதிராளி டர்னில் போடலாம், ஆகவே என் டர்னைக் காலியாக விட்டு இருட்ட வைக்க வசதி.

நான்கு காகிதத் துண்டில் இரண்டு பேரையும் எழுதி ஸ்லீவில் போட்டேன். கைக்கு வந்து, போட வேண்டிய நேரத்தில், இது ஓநாயா வாலியா என்று நான் முடிவு செய்யலாம். ஆனால் போடுவதற்கு முன் நோட்டில் முடிவையும், களத்தில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் மனசு பிறகு தனக்குப் பிடித்த மாதிரிக் கதை கட்டிவிடும். நான் இரண்டு தடவை பிடிபட்டேன்.

இப்படி 24 ஆட்டம். டெல்வரோடு 12, அவன் புதிதாகக் கட்டிய வெள்ளை, கறுப்பு டெக்கோடு 12. ஜெயித்தது 11. இந்த எண்ணை நான் மதிக்கவில்லை. காசைச் சுண்டி ஆடினாலும் 24-க்கு 7 முதல் 17 வரை எது வேண்டுமானாலும் வரும். வெற்றியை எண்ணி ஒரு அட்டையை எடைபோட வேண்டுமானால் வேலையை விட்டுவிட்டுத்தான் ஆட வேண்டும்.

நோட்டில் இருந்த இன்னொரு கணக்குதான் எனக்குப் பேசியது. சோதனை அட்டை 26 தடவை முடிவுக்கு வந்தது. ஓநாய் 14, வாலி 12. கிட்டத்தட்டச் சமம், ஒன்றும் தெரியவில்லை என்று முதலில் நோட்டை மூடிவிட்டேன். மறுநாள் களநிலவரத்தைப் பிரித்துப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பக்கம் ஏற்கனவே ஒருவராவது இருட்டில் இருந்த பத்துத் தடவையில் ஒன்பது தடவை ஓநாய். மனிதர்கள் பகலில் நின்று, கையில் மூன்மிஸ்ட் இருந்த நான்கு தடவையும் ஓநாய். களம் காலி, அல்லது ஒற்றை ஆள் பகலில் நிற்கிறான் என்ற பன்னிரண்டில் பதினொரு தடவை வாலி. நிலைமையைச் சொன்னால் முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நடுவில் குழப்பமே இல்லை.

அந்த மூன்மிஸ்ட் நான்கு தடவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு மனா இன்ஸ்டன்ட். களத்தில் உள்ள மனிதர்கள் எல்லாரையும் உடனே புரட்டும், ஓநாய் வகையறா தவிர மற்றவர்கள் தரும் சண்டை அடியை அந்த டர்னுக்குத் தடுக்கும். ஐந்து லேண்ட். களத்தில் மேயரும் கிருயின் அவுட்லாவும். முதலில் இம்மர்வுல்ஃப், பிறகு மேயரும் அவுட்லாவும் தாக்க, அவன் தடுக்கவில்லை என்றதும் மூன்மிஸ்ட். மேயர் ஆல்ஃபாவாகி 4/4. அவுட்லாவின் இரவு முகம் 3/3, இரட்டை அடி. ஆல்ஃபாவும் இம்மர்வுல்ஃபும் சேர்ந்து அதை 5/5 ஆக்குகிறார்கள். நாலும் பத்தும் பதினாலு. இருபது உயிரில் பதினாலு, ஒரே டர்னில். சாதாரணமாக இது முட்டாள்தனம், ஏனென்றால் நானே இரண்டு ஸ்பெல் போட்டுவிட்டேன், அவன் அப்கீப்பில் விடிந்துவிடும். இம்மர்வுல்ஃப் இருப்பதால் விடியவில்லை. என் சத்தத்துக்கே என் ஓநாய்கள் ஓடாமல் பிடித்து வைக்கும் அட்டை இது என்று அப்போதுதான் உறைத்தது. ஐந்தாவது டர்னுக்குள் இரண்டும் சேர்ந்து கையில் இருக்க வாய்ப்பு முதலில் ஆடினால் 31, இரண்டாவதாக ஆடினால் 35 சதவீதம். அடிக்கடி நடக்காது. நடந்தால் ஆட்டம் முடிந்தது.

இடையில் ஒரு கூத்து. டெல்வரும் மனிதன்தான். அது புரண்டு ஆகும் பறக்கும் பூச்சியும் ‘மனிதப் பூச்சி’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே என் மூன்மிஸ்ட் அவனுடைய 3/2 பூச்சியைத் திரும்ப 1/1 ஆக்கியது. அடுத்த ஆட்டத்தில் அதே மூன்மிஸ்ட் அவனுடைய புரளாத டெல்வரைப் பூச்சியாக்கிக் கொடுத்தது. “தேங்க்ஸ்ணா” என்றான்.

இனி கெட்ட செய்தி. வெள்ளை, கறுப்பு டெக்கில் அவன் விக்டிம் ஆஃப் நைட் வைத்திருந்தான். இரண்டு கறுப்பு மனா. வேம்பயர், ஓநாய்மனிதன், ஸாம்பி அல்லாத யாரையும் கொல்லும். என் டெக்கில் பாதிப்பேரை அது தொடவே முடியாது. கையில் காய்ந்துகொண்டிருக்கும் அட்டைக்கு நான் கொண்டுபோய் இம்மர்வுல்ஃபைக் கொடுத்தேன். அது வெறும் ஓநாய் ஆயிற்றே.

கொல்வதிலும் நேரம் பார்த்தான். நான் பூட்டிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த ஆட்டம். அவன் தன் டர்னில் லிங்கரிங் சோல்ஸை மூன்று மனாவுக்குப் போட்டு, அதையே ஃபிளாஷ்பேக்கில் இரண்டு மனாவுக்கு மறுபடி போட்டான். ஒரே அட்டை, இரண்டு ஸ்பெல். ஏழு லேண்டில் இரண்டு மிச்சம். விடியாதுடா, இம்மர்வுல்ஃப் நிற்கிறது என்றேன். தலையாட்டினான். என் அப்கீப். விடிவதற்கான விதி வழக்கம்போல ஸ்டாக்கில், அதாவது செயல்படக் காத்திருக்கும் வரிசையில், ஏறியது. அது செயல்படும் நேரத்தில்தான் ‘உருமாற முடியாது’ என்பது தடுக்கும். அதற்கு முன்னால் அந்த இடுக்கில் விக்டிம் ஆஃப் நைட்டைப் போட்டு இம்மர்வுல்ஃபைச் சாய்த்தான். முந்தைய டர்னில் இரண்டு ஸ்பெல் போட்டது உண்மைதானே. தடுக்க ஆள் இல்லை. நான்கு ஓநாய்களும் ஒரே நேரத்தில் ஊர்க்காரர்கள் ஆனார்கள். விதியைப் புரட்டிப் பார்த்தேன், அவன் சொன்னது சரி. காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

ஹன்ட்மாஸ்டரோடும் இதற்கு ஒத்துவரவில்லை. ஹன்ட்மாஸ்டர் இங்கும் அங்கும் புரளப் புரளத்தான் லாபம்: மனிதனாகும்போது ஒரு ஓநாய் டோக்கனும் இரண்டு உயிரும், ஓநாயாகும்போது எதிராளிக்கும் அவன் ஆள் ஒருவனுக்கும் இரண்டிரண்டு அடி. இம்மர்வுல்ஃப் பக்கத்தில் நின்றால் ஒரு தடவை புரண்டதோடு சரி, அப்புறம் சும்மா ஒரு 5/5. ஊஞ்சலுக்கு ஆணி அடித்த மாதிரி. டெக்கிலேயே விலை கூடிய அட்டையை முடக்குகிற அட்டை என்பதால் இரண்டையும் முழுசாக வைக்க முடியாது என்று தோன்றியது. ஹன்ட்மாஸ்டரை இரண்டாகக் குறைத்து, மிஞ்சிய இரண்டு இடத்தில் வாலி சேர்த்தேன். சோதனை இடத்தில் இம்மர்வுல்ஃப் மூன்று, நான்காவதற்குப் பதிலும் வாலி. முதல் கையில் இரண்டு ஓநாய் மாட்டிக்கொண்டு களம் காலியாக இருப்பதுதான் நோட்டில் இருந்த மோசமான தருணங்கள். அதற்காகத்தான் நான்கு வேண்டாம் என்றேன். முடிந்தது என்று நோட்டை அலமாரியில் வைத்தேன்.

போன ஞாயிறு அவன் டெல்வரில் வெள்ளையை எடுத்துவிட்டுச் சிவப்பைச் சேர்த்துக்கொண்டு வந்தான். மூன்றாவது ஆட்டத்தில் அவுட்லா இருட்டில், பக்கத்தில் இம்மர்வுல்ஃப், எல்லாம் என் கணக்குப்படி. அவன் ஐந்து லேண்டையும் சாய்த்து கைஸ்ட்ஃப்ளேம் என்ற காமன் அட்டையைப் போட்டான். ஒரு மனாவுக்கு ஒரு அடி. ஃபிளாஷ்பேக்கில் நான்கு மனாவுக்கு இன்னொரு அடி. இரண்டும் இம்மர்வுல்ஃப் மேல். 2/2 செத்தது. இரண்டு புளியங்கொட்டையை நிதானமாகத் தன் முன்னால் வைத்தான்.

“அண்ணா...”

“தெரியும்டா.”

அவுட்லாவைத் திருப்பி வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பக்கத்தில் இன்னொரு இம்மர்வுல்ஃப் நின்றிருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று +1/+1 கொடுத்து 3/3 ஆகியிருக்கும். ஐந்து மனாவும் வீண், விடியலும் இல்லை. அவன் போனபின் டப்பாவைத் திறந்து நான்காவது இம்மர்வுல்ஃபைத் தேடினேன். அதன் ஸ்லீவ் வாய் கிழிந்திருந்தது, புதிது மாற்றி டெக்கில் செருகினேன். வாலி ஒன்று டப்பாவுக்குப் போயிருக்கிறது.